சரந்தீபும் திருவாதவூர்க் கண்மாயும்

பிறந்து வளர்ந்த ஊரின் மீது மனிதனுக்குப் பற்று உண்டாவது இயல்பு. கண்ணால் காணாத ஊரின் மீதும் அத்தகைய பற்று உண்டாகக்கூடும் என்பதை என் வாழ்க்கையில் நான் அறிந்திருக்கிறேன். எனக்கு அந்தப் பற்று ஒரு தீவின் மீது ஏற்பட்டது. வயது ஐம்பத்தைந்தாகிறது, இன்றுவரை அத்தீவின் மண்ணில் நான் கால் வைத்ததில்லை. அரபு நூல்கள் அதனைச் சரந்தீப் என்கின்றன. நம் பண்டைப் புலவர் ஈழம் என்றனர். நாம் இலங்கை என்கிறோம்.

அந்தப் பற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணியிருந்தும் எழுதாமல் இருந்தமைக்குக் காரணம் உண்டு. அதனை எழுதப் புகுந்தால், ஒரு சிறுமிக்கு நான் செய்த பிழையையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். அதற்கு இப்போதுதான் மனம் துணிந்தது.

நான் வாழும் ஊர் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தைச் சேர்ந்த திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதால் தமிழறிந்தோர் அனைவருக்கும் இப்பெயர் தெரியும். சங்கப் புலவர் கபிலரும் இவ்வூரினரே என்பது மரபு. நெல் விளையும் ஊர். பெரிய கண்மாயை நம்பி வாழும் ஊர். கடலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தீவுக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்போர் உண்டு. உறவு பழையது.

கடவுள் மாமுனிவர் இயற்றிய திருவாதவூரடிகள் புராணத்தில் ஒரு செய்தி வருகிறது. இலங்கை மன்னன் பௌத்த ஆசான்மாருடன் தில்லைக்கு வருகிறான். பிறவியிலேயே வாய் பேசாத தன் மகளையும் உடன் அழைத்து வருகிறான். நம் ஊரில் பிறந்த வாதவூரடிகளின் முன்னிலையில் அப்பெண் வாய் திறந்து பேசினாள் என்பது அவ்வரலாறு. சமயத்தால் நான் வேறானவன். ஆயினும் தமிழாசிரியன் என்ற முறையில் அதனைப் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதற்கும் முற்பட்ட காலத்தில் மதுரை ஈழத்துப் பூதன்தேவனார் என்றொரு புலவர் இருந்தார். அவர் பாடல்கள் அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் உள்ளன. அப்பெயரை உற்றுநோக்குங்கள். மதுரையும் ஈழமும் ஒரே மனிதரின் பெயரில் இடர்ப்பாடின்றி இணைந்து நிற்கின்றன. இரண்டில் எது உமது ஊர் என்று அவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்குத் தீவின் மீது பற்று பிறந்தது தமிழ் வழியாக அன்று; அரபு வழியாக. இளமையில் ஓர் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்தபோது, இப்னு பதூதா அவர்களின் பயண நூல் கைக்குக் கிடைத்தது. பாடத்திட்டத்தில் இல்லாத நூல். இரவில் விளக்கடியில் படித்தேன். மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரில் பிறந்த அப்பெருமகனார் 1344ஆம் ஆண்டு மாலைத்தீவிலிருந்து சரந்தீபுக்கு வந்தார். இன்றைய புத்தளம் என்று கருதப்படும் கரையில் இறங்கினார். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவாப்பட்டை மரங்கள் கடற்கரையில் குவிந்து கிடந்ததையும், மஃபர் என்று அரபியர் அழைத்த நம் கரையினரும் மலபாரினரும் அவற்றை விலையின்றி அள்ளிச் செல்வதையும், அதற்கு ஈடாக மன்னனுக்குத் துணி முதலியன அளிப்பதையும் அவர் குறித்திருக்கிறார். அங்கு ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவர். வேண்டியதைக் கேளும் என்று அவர் சொன்னபோது, பொன்னையோ முத்தையோ கேளாமல், ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவடு இருப்பதாகச் சொல்லப்படும் மலையைக் காண்பதே தம் விருப்பம் என்றார் இப்னு பதூதா. மன்னர் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பினார்.

2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலையைப் பௌத்தர் ஸ்ரீபாத என்பர். சைவர் சிவனொளிபாதமலை என்பர். நம்மவர் பாவா ஆதம் மலை என்பர். ஆதம் (அலை) அவர்கள் சுவனத்திலிருந்து இறக்கப்பட்ட இடம் இன்னது என்று திருக்குர்ஆன் பெயர் கூறவில்லை. பழைய வரலாற்று நூல்கள் சிலவே சரந்தீபைச் சுட்டுகின்றன. மார்க்க ஆதாரமாக அதனைக் கொள்ள இயலாது. எனினும் அன்று அந்த இளம் மனத்திற்கு, முதல் மனிதர் தம் இருப்பிடத்தை இழந்து வந்து இறங்கிய இடமாக ஒரு தீவைக் கருதிப் பார்ப்பதே போதுமானதாக இருந்தது.

அந்நூலில் என்னை மேலும் ஈர்த்த பகுதி, அவர் தீவை விட்டுப் புறப்பட்ட பிறகு நிகழ்ந்தது. மஃபர் கரையை நெருங்கும்போது காற்று மிகுந்து கப்பல் தரை தட்டிற்று. தோழர்களை முதலில் அனுப்பிவிட்டு, இரவு முழுவதும் அவர் உடைந்த கப்பலிலேயே இருந்தார். விடிந்தபின் நம் கரையினர் படகில் சென்று அவரை மீட்டனர். பிறகு தம் மனைவியின் சகோதரியை மணந்திருந்த சுல்தான் கியாஸுத்தீனைச் சார்ந்து மதுரைக்கு வந்து சேர்ந்தார். அப்போது மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. சரந்தீபைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களில் ஒளியும் மதுரையைப் பற்றி எழுதிய பக்கங்களில் சாவும் நிறைந்திருக்கக் கண்டு, மதுரைக்காரனாகிய எனக்குச் சிறிது வருத்தமே உண்டாயிற்று. ஆனாலும் தீவின் மீது காதல் மேலிட்டது.

அக்காதலுக்கு உரமிட்டவர் ஒருவர் உண்டு. மன்னார்ப் பகுதியிலிருந்து ஓத வந்திருந்த மாணவர். என்னினும் இரண்டாண்டு மூத்தவர். ‘நானா’ என்று அவரை அழைப்போம். தம் ஊர்க் கடலையும் பனையையும் பள்ளிவாசல் முற்றத்தையும் அவர் சொல்லச் சொல்லக் கேட்டிருப்பேன். “ஓதி முடிச்சதும் நீங்கள் கட்டாயம் எங்கட ஊருக்கு வரவேணும்” என்பார். நானும் தலையசைப்பேன். 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் சில நாள்களில், சில இடங்களில் சில மணி நேரத்தில், தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர் குடும்பமும் அவர்களுள் ஒன்று. புத்தளத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “வேலியில ஒரு முருங்கை வச்சிருந்தன், இந்த வருசந்தான் காய்க்கும்” என்றார். வீட்டைப் பற்றியோ பொருளைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்நாள்களில்தான் அரபுக் கவிஞர் மஹ்மூத் சாமி அல்பாரூதியைப் படித்தேன். எகிப்தின் தலைமை அமைச்சராக இருந்தவர். உராபி பாஷாவின் கிளர்ச்சியில் பங்கேற்றதற்காக அவருடனும் வேறு ஐவருடனும் ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு, 1883ஆம் ஆண்டு சனவரியில் கொழும்பு வந்து சேர்ந்தவர். பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அத்தீவில் வாழ்ந்தார். எகிப்தில் விட்டுவந்த மனைவி இறந்த செய்தி அவரை அங்கேதான் எட்டிற்று. 1899இல் பார்வை மங்கிய நிலையில் தாயகம் திரும்பி, 1904இல் காலமானார். நாம் ஏங்கும் சரந்தீபில் இருந்துகொண்டு அவர் நைல் நதிக்கு ஏங்கினார். இயற்கை அழகில் குறைவில்லாத கண்டி நகரம் அவருக்குச் சிறையாகவே இருந்தது. ஊர்ப்பற்று அழகைப் பார்த்து வருவதன்று என்பதை எனக்குக் கற்பித்தவர் பாரூதி. ஆனால் கற்றதை உரிய நேரத்தில் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஓதி முடித்து, தமிழும் முறையாகப் பயின்று, ஒரு பள்ளியில் தமிழாசிரியனானேன். எங்கள் ஊரில் இலங்கை அகதிகள் முகாம் ஒன்று உண்டு. 1983ஆம் ஆண்டு சூலைக் கலவரத்திற்குப் பின் கடல் கடந்து இராமேசுவரம் கரையில் இறங்கிய மக்கள், மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டுத் தமிழகம் எங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவற்றுள் திருவாதவூர் முகாமும் ஒன்று. 2021ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு அவற்றை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கிறது. பெயர் மாறிற்று, ஊரார் வாயில் ‘சிலோன்காரங்க’ என்ற சொல் இன்னும் மாறவில்லை.

2008ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்பு மாணவர்க்கு ‘என் ஊர்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். அவ்வகுப்பில் முகாமிலிருந்து வரும் சிறுமி ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள்; கேட்ட கேள்விக்கு மட்டும் தலை குனிந்தபடி விடை சொல்வாள். இந்தியாவில் பிறந்தவள், மதுரை மாவட்டத்திற்கு அப்பால் எதனையும் பார்த்தறியாதவள். அவளுடைய கட்டுரை கிளிநொச்சியைப் பற்றியதாக இருந்தது.

வன்னியின் பெருங்குளமாகிய இரணைமடுவின் கரையில் காற்று எப்படி வீசும் என்று எழுதியிருந்தாள். அம்மம்மா வீட்டின் முற்றத்தில் எத்தனை தென்னைகள் நிற்கின்றன, எந்தத் தென்னை சாய்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தாள். மாலையில் பெரியவர்கள் திண்ணையில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எழுதியிருந்தாள். எல்லாம் தான் கண்டதைப் போலவே.

நான் சிவப்பு மையை எடுத்தேன். ‘குளம்’ என்பதை அடித்து ‘கண்மாய்’ என்று திருத்தினேன். ‘கதைத்துக்கொண்டிருப்பார்கள்’ என்பதை அடித்துப் ‘பேசிக்கொண்டிருப்பார்கள்’ என்று எழுதினேன். அடியில், “நீ பிறந்த ஊர் இது. பாராத ஊரைப் பார்த்ததாக எழுதுவது பொய்யாகும். உன் ஊரைப் பற்றி எழுதி வா” என்று எழுதி, மதிப்பெண் இடாமல் திருப்பிக் கொடுத்தேன். நேர்மையைக் கற்பிப்பதாக அப்போது எண்ணினேன். அவள் ஏட்டை வாங்கிக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை அவள் தாயார் பள்ளி வாயிலில் நின்றார். கையில் அந்த ஏடு.

“சேர், அவள் பொய் எழுதேல்லை. நாங்கள் இரவில சொல்லுறதைத்தான் எழுதினவள். என்ர அம்மா இன்னும் அங்கதான் இருக்கிறா. இப்ப அங்க சண்டை. நாலு மாசமாக் கடிதமும் இல்லை. அந்த வீட்டை இவளாவது மறக்காமல் இருக்கவேணும் எண்டுதான் சொல்லிக் குடுத்தனாங்கள்.”

சினமாகச் சொல்லவில்லை, எனக்கு விளக்கம் அளிப்பவரைப் போலத்தான் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி, “இது அவளின்ர ஊர் எண்டு எழுதியிருக்கிறியள். அப்பிடி ஒரு தாள் எங்களுக்கு ஆரும் தருவினமோ, சேர்?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் சென்று கேட்டேன். 1987ஆம் ஆண்டு சூலை முதல் நாளுக்குப் பின் இந்தியாவில் பிறந்த குழந்தை, பிறந்ததனால் மட்டும் இந்நாட்டுக் குடியுரிமை பெறுவதில்லை என்றும், பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்றும் அவர் விளக்கினார். 2004ஆம் ஆண்டு டிசம்பருக்குப் பின் பிறந்தோர்க்கு விதி இன்னும் இறுகியது. அந்தத் தேதிக்குச் சிறிது முன், 1986இல், மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர் நீதிமன்றம் சென்று, 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையால் கடவுச்சீட்டுப் பெற உரிமை அடைந்தார். 2024 பொதுத் தேர்தலில் வாக்கும் அளித்தார். எங்கள் சிறுமி பிறந்ததோ எல்லைக் கோட்டுக்கு அப்பால். ‘நீ பிறந்த ஊர் இது’ என்று நான் சிவப்பு மையால் எழுதியதைச் சட்டம் அவளுக்கு எழுதித் தர மறுத்துவிட்டது. இந்த ஊரும் அவளுடையதாகவில்லை; அந்த ஊரையும் அவள் கண்டதில்லை. தாயின் வாய்ச்சொல் வழியாக வந்த பற்று ஒன்றே அவளுக்கு இருந்தது. அதனையும் நான் பொய் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சரந்தீபைக் காணாமலே இருபதாண்டு காதலித்தவன் நான். புத்தகத்தின் வழியாக எனக்கு வந்தால் அது கல்வி. பாட்டியின் முற்றத்தின் வழியாக அவளுக்கு வந்தால் அது பொய்யா?

ஊர்ப்பற்றை ஈமானின் பகுதியாக்கிக் கூறும் ஒரு வாசகம் நம்மிடையே நபிமொழி என்று வழங்குகிறது. ஹதீஸ் கலை வல்லோர் அது நபிமொழி அன்று என்று ஒதுக்கியுள்ளனர். ஆசிரியனாகிய நானும் அதனை மேடைகளில் மறுத்துப் பேசியவன்தான். ஆனால் வலுவான அறிவிப்புகளைத் தேடிச் சென்றால் அங்கே இதனினும் ஆழமானது கிடைக்கிறது. ஹிஜ்ரத்திற்குப் பின் மதீனாவில் அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் கடுங்காய்ச்சலில் கிடந்த செய்தியை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். காய்ச்சல் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) குரலெடுத்துப் பாடுவார்கள். மக்காவின் புல்லை, நீர்நிலையை, மலைகளைப் பெயர் சொல்லிப் பாடி, மீண்டும் அவற்றைக் காண்பேனா என்று ஏங்குவார்கள். மக்கா அவருக்கு என்ன நன்மை செய்தது? அபிசீனிய வழிவந்த அடிமையாகச் சுடுமணலில் கிடத்தி மார்பில் பாறையை ஏற்றிய ஊர் அது. இருந்தும் அதன் புல்லின் பெயரை அவர் மறக்கவில்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் அதனைக் கேட்டுப் பிலாலைக் கடிந்துகொள்ளவில்லை. நீ இப்போது மதீனாவாசி, மக்காவை மற என்று சொல்லவில்லை. மக்காவை நேசிப்பது போல, அதனினும் மிகுதியாக, மதீனாவையும் எங்களுக்கு நேசமாக்கி வைப்பாயாக என்று இறைவனிடம் வேண்டினார்கள். பழைய பற்றை அழித்துப் புதிய பற்றைக் கேட்கவில்லை. ஒன்றன் மேல் மற்றொன்றைச் சேர்த்துத் தரவே கேட்டார்கள். இந்த ஹதீஸை எத்தனை முறை ஓதியிருப்பேன்! ஒரு குழந்தையின் ஏட்டைத் திருத்தும்போது அது நினைவுக்கு வரவில்லையே!

அவ்விரவே தமிழ்ப் பேரகராதியையும் எடுத்துப் புரட்டினேன். கதைத்தல் என்பதற்குப் பேசுதல் என்ற பொருள் அங்கே இருந்தது. தமிழாசிரியன் என்ற செருக்கும் அத்துடன் சற்று அடங்கிற்று.

மறுநாள் வகுப்பில் அச்சிறுமியின் ஏட்டைக் கேட்டு வாங்கினேன். சிவப்பு மையை அழிக்க வழியில்லை. ஆகவே அதன் கீழே, “குளம் என்பது சரி. கதைத்தல் என்பதும் சரி. பிழை திருத்தியவருடையது” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பிறகு மாணவர்களிடம், “நேற்று நான் ஒரு நல்ல கட்டுரையைத் தவறாகத் திருத்திவிட்டேன், அதனை இன்று நாம் கேட்போம்” என்று சொல்லி, அவளையே படிக்கச் சொன்னேன். முதல் இரண்டு வரிகள் எவருக்கும் கேட்கவில்லை. இரணைமடு வந்ததும் குரல் சற்று உயர்ந்தது. சாய்ந்த தென்னையைப் பற்றிப் படித்தபோது பின் வரிசையில் ஒரு பையன், “அது இன்னும் நிக்குதா?” என்று கேட்டான். “தெரியாது” என்றாள். வகுப்பில் அவள் தானாகச் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

2009ஆம் ஆண்டு மே மாதம் முல்லைத்தீவுக் கரையில் போர் முடிந்தது. அவளுடைய அம்மம்மாவைப் பற்றிய செய்தி மட்டும் வரவேயில்லை. தாயார் பல காலம் காத்திருந்தார். பின்னர், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையின் பிறப்பைப் பதிந்து, தாள்களெல்லாம் சேர்த்து, 2016ஆம் ஆண்டு அக்குடும்பம் தீவுக்குத் திரும்பிற்று. புறப்படுமுன் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடமும் என்னிடமும் விடைபெற்றாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தொன்று. “ஐயா, ஊருக்குப் போகிறேன்” என்றாள். போய் வா என்று சொல்ல வாய் எடுத்து, வந்துவிடு என்ற பொருள் அதில் இருப்பதை எண்ணி ஒரு கணம் தயங்கினேன். பிறகு அதையே சொன்னேன்.

ஓராண்டு கழித்துக் கிளிநொச்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மம்மாவின் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்ததாம். தென்னை ஒன்றுகூட இல்லையாம். தாயார் அங்கேயே ஒரு கொட்டில் போட்டுக் கன்று நட்டிருக்கிறாராம். “அங்கே என்னைச் சிலோன்காரி என்றார்கள், இங்கே என் பேச்சைக் கேட்டு இந்தியாக்காரி என்கிறார்கள்” என்று எழுதியிருந்தாள். இறுதியில் ஒரு கேள்வி. “மாலையில் இரணைமடுக் குளக்கட்டில் நிற்கிறேன். அம்மா சொன்ன காற்று உண்மைதான், ஐயா. ஆனால் இங்கே நிற்கும்போது நம் கண்மாய்தான் நினைவுக்கு வருகிறது. இந்த ஆண்டு கண்மாய் நிறைந்ததா? மறுகால் போயிற்றா?”

அவள் குளம் என்று எழுத வேண்டிய இடத்தில் குளம் என்றும், கண்மாய் என்று எழுத வேண்டிய இடத்தில் கண்மாய் என்றும் எழுதியிருந்தாள். ‘நம்’ கண்மாய் என்று எழுதியிருந்தாள். எந்தத் தாளும் அவளுக்குத் தராத ஊரை அவளே அந்த ஒரு சொல்லால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவ்வாண்டு மழை குறைவு. கண்மாயில் பாதி நீரே இருந்தது. உள்ளபடி எழுதினேன். அடுத்த மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்ததும் கரைக்குச் சென்று பார்த்துவிட்டு வந்து, மறுகால் போகிறது என்று மறுபடியும் எழுதினேன். அதுமுதல் ஆண்டுதோறும் இரணைமடுவின் நீர்மட்டம் எனக்கும், திருவாதவூர்க் கண்மாயின் நீர்மட்டம் அவளுக்கும் போய்ச் சேர்கிறது.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டபோது, “இனியாவது வாருங்கள், ஐயா” என்று எழுதினாள். 1990இல் முருங்கையை விட்டு வந்த நானாவும் இப்போது மன்னாருக்கே திரும்பிவிட்டார், அவரும் அழைக்கிறார். இறைவன் நாடினால் ஒருமுறை போய்வர எண்ணம். கண்டால் ஒருவேளை இப்னு பதூதாவின் சரந்தீப் அங்கே இராது. இல்லாவிட்டாலும் குறைவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் கேட்ட துஆவையே இப்போது நான் தொழுகைக்குப் பின், இரு கரைகளிலும் ஊரை விட்டு வந்திருக்கும் அனைவர்க்காகவும் கேட்டு வருகிறேன். விட்டு வந்த ஊரின் நேசத்தை அவர்கள் நெஞ்சிலிருந்து எடுத்துவிடாமலே, வந்து சேர்ந்த ஊரையும் அவர்களுக்கு நேசமாக்கி வைப்பாயாக. வந்து சேர்ந்த ஊராருக்கும் அவர்களை நேசமாக்கி வைப்பாயாக. ஆமீன்.